பாட்டியோட மெழுகுதிரி ஸ்டாண்ட் புது ஃப்ளாட்டுக்கு ஒட்டுமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாட்டி வீட்டு பீடத்துல இருந்த ஒரு ஜோடி பித்தளை மெழுகுதிரி ஸ்டாண்ட் இப்போ என்கிட்ட வந்திருக்கு. எங்களோடது புது ஃப்ளாட், வெள்ளைச் சுவர், சாம்பல் கலர் சோபா. இது இங்க ஒட்டாதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். புளி போட்டு பளபளன்னு தேய்ச்சா சரியாகுமா? - வாசகி, தூத்துக்குடி

பதில்: புளியை மட்டும் எடுக்காதீங்கம்மா, தயவுசெஞ்சு. குத்துவிளக்கை வாராவாரம் தேய்ச்சே நமக்குக் கை பழகிடுச்சு, அது எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்கிற விளக்கு, அதுக்கு சரி, ஆனா இந்த ஸ்டாண்டுல பாட்டி காலத்துல இருந்து ஏறி நிக்கிற தேன் கலர் ஒரே தேய்ப்புல போயிடும், அப்புறம் அது வர எத்தனையோ வருஷம் ஆகும். அழுக்குக்கு சோப்புத் தண்ணில நனைச்ச துணி போதும், இடுக்குல பச்சையா களிம்பு இருந்தா மூங்கில் குச்சியால மெதுவா சுரண்டிட்டு உடனே ஈரம் போகத் துடைச்சிடுங்க.

துடைக்கிறப்பவே தண்டு மேல வாயால ஆவி ஊதிப் பாருங்க. 18ம் நூற்றாண்டு இங்கிலாந்துல பித்தளைத் தண்டை ரெண்டு பாதியா வார்த்து ஒட்டுவாங்க, அந்த மாதிரி பழசா இருந்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஆவில தெரியும். கோடு இல்லாம, அடியில தள்ளினா எரிஞ்சு மிஞ்சின மெழுகுதிரியை மேல தூக்கிவிடுற கம்பி இருந்தா அது பெரும்பாலும் 19ம் நூற்றாண்டு மாடல், இல்ல அதைப் பார்த்து பின்னாடி செஞ்சது. எதுவா இருந்தாலும் பாட்டி கை பட்டது, அதை விட என்ன வேணும்!

ஒட்டாதுங்கறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். வெள்ளைச் சுவரும் சாம்பல் கலரும் இருக்கிற வீட்டுலதான் பித்தளை எடுப்பா தெரியும். பீடத்துல இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வச்ச மாதிரி வைக்காதீங்க, ரெண்டையும் டிவி பெஞ்சோட ஒரே ஓரத்துல சேர்த்து, ஒண்ணுக்கு அடியில தடிமனான புத்தகம் ரெண்டு வச்சு உசத்திட்டு மறு ஓரத்தை காலியா விட்டுடுங்க. லேஸ் துணி, பிளாஸ்டிக் பூ எதுவும் பக்கத்துல வேண்டாம். இதே ஜோடி தேக்குத் தூண் வச்ச செட்டிநாட்டு வீட்டுல இருந்தா நான் நேர்மாறா சொல்வேன், பெல்ஜியம் கண்ணாடிக்கு முன்னாடி ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணொண்ணு, ஏத்தினா நாலு சுடர் தெரியும்.

நம்ம ஊர் மெழுகுதிரி ஒல்லி, பழைய ஸ்டாண்டோட குழி பெருசா இருக்கும், அதனால நாலு சொட்டு மெழுகு உருக்கி விட்டு சூடு ஆறுறதுக்குள்ள திரியை நட்டு வைங்க, ஆடாது. ஃபேனுக்கு நேர் கீழ வேண்டாம், ஒரு பக்கமா வழிஞ்சு தண்டு பூரா மெழுகாயிடும். மே மாச வெயில்ல நீளத் திரி வளைஞ்சிடும், ஏத்துற அன்னைக்கு மட்டும் செருகுங்க.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல வெள்ளின்னு சொல்லி ஒரு ஸ்டாண்ட் வாங்கினேன். அடியில ஈ.பி.என்.எஸ்.னு இங்கிலீஷ்ல நாலு எழுத்து இருக்கு. ஏமாந்துட்டேனா? - வாசகர், மதுரை

பதில்: வெள்ளி விலை கொடுத்திருந்தா ஆமா சார். அது நிக்கல் கலந்த உலோகத்து மேல மின்சாரத்துல வெள்ளி முலாம் ஏத்தினது, எல்கிங்டன்ங்கற இங்கிலாந்து கம்பெனி 1840ல பேட்டன்ட் வாங்கின முறை. இங்கிலாந்து அசல் வெள்ளின்னா நடக்கிற சிங்க முத்திரை இருக்கும். ஆனாலும் அழகுக்கு என்ன குறை? முலாம் தேஞ்சிருந்தா திரும்பப் பூசக் கொடுக்காதீங்க, கருப்பு டைனிங் டேபிள் மேல அப்படியே வைங்க. ஒரு விஷயம், அடிப்பாகம் கனமா இருந்தா உள்ள தார் மாதிரி கீலோ பிளாஸ்டரோ அடைச்சிருப்பாங்க, வெந்நீர்ல முக்கிட்டீங்கன்னா இளகிடும்.

கேள்வி: குரோம் ஒண்ணு, மரம் ஒண்ணு, பித்தளை ஒண்ணு. சேர்த்து வைக்கலாமா? - வாசகி, கோவை

பதில்: தாராளமா. மூணுலயும் ஒரே கலர் திரி வைங்க, உயரம் மட்டும் வித்தியாசமா இருக்கட்டும். மரத்துல திரி குழி வரைக்கும் எரிய விடாதீங்க, ரெண்டு விரல் இருக்கிறப்பவே அணைச்சிடுங்க.