நடுக்குளிரில் ராணுவ அதிகாரிப் பயிற்சி தொடங்குகிறது, எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: இன்னும் பத்து வாரத்தில் அதிகாரிப் பயிற்சி தொடங்குகிறது, அதுவும் கடுங்குளிர் காலத்தில். ஓட்டம், தண்டால் எல்லாம் தேறிவிடும், ஆனால் குளிர் பழக்கமே இல்லை. தினமும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பழகினால் போதுமா?

குளிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வெயிலுக்கு உடம்பு பத்துப் பதினான்கு நாளில் நன்றாகவே பழகிவிடும். குளிருக்கு அந்த மாதிரிப் பழகாது, நடுக்கம் கொஞ்சம் குறையும், மனசுக்குப் பயம் விட்டுப்போகும், அவ்வளவுதான். குளிரில் தாக்குப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் தடித்த தோல்காரர்கள் இல்லை, நனையாமல் இருக்கத் தெரிந்தவர்கள். இதை நான் என் பயிற்சியில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் களப்பயிற்சி. நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம், முதுகில் இருபது கிலோவுக்கு மேல், பாதை முழுக்க ஏற்றம். கிளம்பும்போது பல் கிட்டுகிற குளிர் என்பதால் இருந்ததையெல்லாம் போட்டுக்கொண்டேன்: அடியில் பருத்தி பனியன், மேலே சட்டை, ஸ்வெட்டர், அதற்கும் மேலே ஜாக்கெட். ஒரு மணி நேர நடையில் முதுகு தொப்பலாக நனைந்துவிட்டது. மேட்டின் உச்சியில் எங்களை நிறுத்திய பயிற்றுநர், என்னைக் காட்டி, "அடுத்த கட்டத்துக்கு நீ தலைவன், பத்து நிமிஷத்தில் உத்தரவு சொல்" என்றார். அங்கே காற்று தடையில்லாமல் வீசியது. நனைந்த பனியன் முதுகில் ஐஸ் துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. வரைபடத்தை விரித்தேன். ஆறு இலக்க கிரிட் எண், அதாவது வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியது, அன்றைக்கு மூன்று முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. பென்சில் விரலில் நிற்கவில்லை. உத்தரவு சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை குழறியது. பக்கத்தில் இருந்த கோர்ஸ்மேட் ஒருவன் என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முதல்ல பனியனைக் கழட்டு" என்றான். என் சட்டைப் பொத்தானை என்னால் கழற்ற முடியவில்லை, அவன்தான் கழற்றிவிட்டான். அவன் பையிலிருந்த உலர்ந்த உள்சட்டையைக் கொடுத்தான். கால் மணி நேரத்தில் தலை தெளிந்துவிட்டது.

சிப்பாய்க்கும் குளிர் ஒன்றுதான், அதிகாரிக்கும் ஒன்றுதான். ஆனால் அதிகாரியாகப் போகிறவர் அந்தக் குளிரில் வரைபடம் படிக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், தெளிவாகப் பேச வேண்டும், முப்பது பேரின் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தன் நடுக்கத்தைச் சமாளிப்பதிலேயே கவனம் போய்விட்டால் மற்றவர்களுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளும் வேலை யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழகிவிட வேண்டும். பத்து வாரத்தில் இது முடியும்.

முதலில் உடை. பருத்தியை அடியில் போடாதீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், ஆகவே ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் நட்டம்தான். தோலை ஒட்டிப் பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் மெல்லிய தெர்மல் உள்ளுடை, நடுவில் ஃப்ளீஸ் என்கிற மென்மையான செயற்கைத் துணி அல்லது கம்பளி, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். பயிற்சிக் கழகம் கொடுப்பதைத்தான் போட வேண்டும் என்பது விதியாக இருக்கலாம், அப்போது உள்ளே என்ன அனுமதி என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், நடை தொடங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே ஒரு அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். லேசாகக் குளிர்கிறது என்கிற நிலையில் கிளம்புங்கள், பத்து நிமிஷத்தில் உடம்பு சூடேறிவிடும். நின்றவுடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, கழற்றியதை மேலே போட்டுக்கொள்ள வேண்டும். நான் செய்தது இதற்கு நேர்மாறு.

காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வெப்பமானி மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் காட்டி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான். வானிலை அறிக்கையில் வெப்பநிலையைப் பார்க்கும்போது காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள், நாளைக்கு உங்கள் பிளட்டூனுக்கு, அதாவது உங்கள் கீழுள்ள படைக்குழுவுக்கு, திட்டம் போடும்போதும் அது தேவைப்படும்.

இனி நான் ரொம்ப வலியுறுத்த நினைப்பது கை. விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்குக் கீழே போனாலே நுணுக்கமான வேலை தடுமாற ஆரம்பித்துவிடும். ராணுவத்தில் குளிரில் செய்ய வேண்டியது முக்கால்வாசி சின்னச் சின்ன விரல் வேலைதான்: ஜிப், கொக்கி, ஷூ லேஸ், முடிச்சு, அடுப்பு பற்றவைப்பது, பேட்டரி மாற்றுவது, எழுதுவது. இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு வாளியில் ஐஸ் போட்ட தண்ணீர் வையுங்கள், கையை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள், துடைத்துவிட்டு மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு பூட்ஸ் லேஸைக் கட்டி அவிழுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். பையில் எந்தப் பொருள் எந்த அறையில் என்பது இருட்டில் கைக்குத் தெரிய வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மூன்றாவது வாரம் கை தானாகச் செய்யும். எழுதுவதற்குப் பேனாவை நம்பாதீர்கள், மை இறுகிவிடும், பென்சில்தான். இரண்டு மூன்று பென்சில் வேறு வேறு பாக்கெட்டில் இருக்கட்டும். கையுறையைக் கழற்றினால் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு திணித்துக்கொள்ளுங்கள், தரையில் வைத்தால் ஈரமாகும், இல்லையென்றால் தொலையும். கடுங்குளிரில் துப்பாக்கி உலோகத்தை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும். சூடான கூடாரத்துக்குள் ஆயுதத்தைக் கொண்டுவந்தால் மேலே வியர்த்தது போல நீர் படியும், மறுபடி வெளியே எடுத்துப் போனால் அது உறைந்து இயக்கத்தை அடைத்துவிடும். இதைக் கழகத்தில் சொல்லித் தருவார்கள், காரணம் முன்பே தெரிந்திருந்தால் மறக்காது.

அடுத்து கால். பூட்ஸை இப்போதே வாங்கி, இல்லை கழகம் என்ன மாடல் தருகிறது என்று விசாரித்து அதே மாதிரி ஒன்றை வாங்கி, பழக்க ஆரம்பியுங்கள். புது பூட்ஸோடு போகிறவர்கள் முதல் வாரத்திலேயே கொப்புளத்தோடு நொண்டுவார்கள், கொப்புளம் வந்த கால் குளிரில் ஆறுவது மெதுவு. இரண்டு சாக்ஸ் போட்டால் இரட்டிப்புச் சூடு என்று பலர் நினைக்கிறார்கள். பூட்ஸ் இறுகிவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் வேகமாக விறைக்கும். விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று என்றால் பூட்ஸையும் அந்த அளவுக்கே வாங்குங்கள்.

ஈரக்கால் பற்றி ஒரு விஷயம். பனி உறைந்தால்தான் காலுக்கு ஆபத்து என்பதில்லை. உறைநிலைக்கு மேலே, பத்து டிகிரியில்கூட, பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் நரம்பும் ரத்தக்குழாயும் கெடும். முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிகளில் வீரர்களை முடக்கிய டிரெஞ்ச் ஃபுட் இதுதான், 1982இல் ஃபாக்லாந்து தீவுகளின் சதுப்பு மண்ணில் நடந்து போன பிரிட்டிஷ் வீரர்களையும் இது விடவில்லை. வழி ஒன்றே: நாளுக்கு ஒரு முறையாவது, முடிந்தால் இரண்டு முறை, பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, தேய்த்துச் சூடேற்றி, பவுடர் போட்டு, உலர்ந்த சாக்ஸ் மாட்ட வேண்டும். கழற்றிய ஈர சாக்ஸைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்குக் காய்ந்திருக்கும். உடம்பு அசதியில் கெஞ்சும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். அப்போதுதான் கட்டாயம் செய்ய வேண்டும், பக்கத்தில் இருப்பவரையும் செய்ய வைக்க வேண்டும்.

ஓட்டம் தேறிவிடும் என்கிறீர்கள், நல்லது. சுமை நடையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து கிலோவில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகவே ஏற்றுங்கள், அவசரப்பட்டால் கீழ்க்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிற மெல்லிய விரிசல் வரும், வந்தால் பயிற்சியே போச்சு. குளிரில் ஓடுவதற்கு முன் வார்ம் அப்புக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுங்கள். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடி ஓடினால் உலர்ந்த குளிர்காற்று நெஞ்சை அடைக்காது.

தண்ணீர் குடிப்பதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சிலும் வியர்வையிலும் நீர் போய்க்கொண்டே இருக்கும், சிறுநீரும் அதிகம் பிரியும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேற்பரப்பில்தான் முதலில் பிடிக்கும், நிமிர்த்தினால் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். சாப்பாட்டில் கஞ்சம் வேண்டாம், படுப்பதற்கு முன் கொழுப்புள்ளதாக ஏதாவது சாப்பிட்டால் இரவு முழுக்க உடம்பு அதை எரித்துக்கொண்டிருக்கும். புகை பிடிப்பவர் என்றால் இந்தப் பத்து வாரத்திலேயே விட்டுவிடுங்கள், நிகோடின் விரல்களின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

இரவில் உடம்புச் சூட்டை மேலே இருக்கும் காற்றைவிடக் கீழே தரைதான் அதிகம் உறிஞ்சும். ஆகவே அடியில் விரிக்கும் பாய்க்குத்தான் முதல் கவனம். ஸ்லீப்பிங் பேக்குக்குள் தலையை இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கி விடியும்போது நனைந்திருக்கும். சிறுநீர் வந்தால் சோம்பல்படாமல் எழுந்து போய்விட்டு வாருங்கள், அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது.

ஆபத்தின் அடையாளங்களை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள், இது உங்களுக்கு மட்டுமில்லை. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நடை தடுமாறும், பேச்சு குழறும், கையிலிருப்பது நழுவும், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், இல்லை ஒரேயடியாக மௌனமாவார்கள். நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்தினால் அது தேறியதன் அறிகுறி இல்லை, நிலை மோசமாகிறது என்று அர்த்தம், உடனே மருத்துவ உதவி வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கே இது தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை. 1995 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில் நான்கு பேர் ஹைப்போதெர்மியாவில் இறந்தார்கள். நடந்த இடம் பனிமலை இல்லை, ஃபுளோரிடாவின் சதுப்பு நிலம். நனைந்தபடி நீண்ட நேரம் நின்றது போதுமானதாக இருந்தது. முகத்தில், காதில், மூக்கு நுனியில் வெளிறிய மெழுகு போன்ற திட்டு தெரிந்தால் அது பனிக்கடியின், அதாவது குளிரில் தோலும் சதையும் உறைவதன், தொடக்கம். பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது, தோல் கிழியும். இருவர் இருவராக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை யாரும் சொல்லாமலே தொடங்கிவிடுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு என் பையின் மேல் அறையில், தண்ணீர் புகாத உறையில், கூடுதலாக ஒரு உள்சட்டையும் இரண்டு ஜோடி சாக்ஸும் எப்போதும் இருந்தன. எனக்கானவை வேறாக அடியில் இருக்கும், மேலே இருப்பது யாருக்குத் தேவையோ அவருக்கு. பயிற்சி முடிவதற்குள் இரண்டு முறை அது கைமாறியது.

இன்னொன்று, சேருவதற்கு முன்பே செய்ய வேண்டியது. குளிரில் விரல் வெள்ளையாகி நீலமாகிச் சிவக்கிறது, முன்பு எப்போதாவது பனிக்கடி பட்டிருக்கிறது, குளிர்காற்றில் ஓடினால் நெஞ்சு இறுகி விசில் சத்தம் வருகிறது, இதில் ஏதாவது உங்களுக்கு உண்டென்றால் மருத்துவப் பரிசோதனையில் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிவிடுவார்களோ என்று பயம் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு மேட்டில், உதவி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் இடத்தில் அது வெளிப்பட்டால், உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியது உங்கள் கூட்டாளிகள்தான்.