சூரியனுக்கு முன்பே வெளிச்சமா?

கேள்வி: வெயிலும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து தொடங்குகின்றன. 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில், கடவுள் உலகைப் படைத்ததாக விவிலியம் சொல்லும் பகுதியைச் சொல்லித்தர வேண்டும். "சூரியன் நான்காம் நாள்தானே வந்தது, முதல் நாள் வெளிச்சம் எப்படி?" என்று கேட்டால்?
– ஆசிரியை, புக்கிட் மெர்த்தாஜாம், பினாங்கு

பதில்: கேட்கட்டும் சகோதரி, நல்ல கேள்வி. பெரிய தாளில் மேலே மூன்று கட்டம், கீழே மூன்று கட்டம் போடுங்கள். மேலே முதல் மூன்று நாள்: ஒளி, வானமும் நீரும், நிலமும் செடிகொடியும். அவற்றுக்கு நேர் கீழே அடுத்த மூன்று நாள்: சூரிய சந்திரர், பறவையும் மீனும், விலங்கும் மனிதரும். மேல் வரிசை வீடு, கீழ் வரிசை அதில் குடியேறுபவர்கள். விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலின் முதல் அதிகாரம் அறிவியல் கால அட்டவணை அல்ல. எல்லாம் கடவுளிடமிருந்து ஒழுங்கோடு வந்தது என்று அறிக்கையிடும் நடை அது. டைனோசர் எந்த நாளில் வந்தது என்று கேட்டாலும் இதே விளக்கம்தான். கடவுள் ஓய்ந்திருந்த ஏழாம் நாளை அடியில் நீளக் கட்டமாக வையுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான். ஞாயிறு திருப்பலியோடு இணைவதும் அங்கேதான்.

செடிகொடி வரும் மூன்றாம் நாளைச் செய்து காட்டப் பச்சைப்பயறு போதும். முந்தைய இரவே ஊறவைத்து, பிள்ளைக்கு 5 பயறு, ஈரப் பஞ்சில். தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் அழுகி நாறும். பினாங்கு வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் பஞ்சு காய்ந்துவிடும். முளைவிடும்வரை நிழலில் இருக்கட்டும்.

தொடக்க நூல் 1:28இல் மனிதருக்குத் தரப்படும் ஆளுகையை 2:15உடன் சேர்த்தே வாசியுங்கள். தோட்டத்தைப் பண்படுத்திப் பாதுகாக்கும் பொறுப்பு அங்கேதான் வருகிறது.