வயா துளையும் பேட் அளவும்: பைத்தான் கோப்பில் எதை எழுதுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருளான கீகேடில் நான் வரையும் எல்லா போர்டுகளுக்கும் வயா (அடுக்குகளை இணைக்கும் செம்பு பூசிய துளை), பேட் (துளையைச் சுற்றியோ பாகத்துக்கு அடியிலோ இருக்கும் செம்புத் திட்டு) அளவுகளை ஒரே பைத்தான் கோப்பில் டிக்‌ஷனரியாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்து போர்டில் பதித்துவிடும். இப்போதைய போர்டு ஆறு அடுக்கு, 1.6 மி.மீ. தடிமன். 0.8 மி.மீ. பிட்ச் உள்ள பிஜிஏ (அடியில் சால்டர் பந்துகள் வரிசையாக இருக்கும் சிப்; பந்து மையங்களுக்கு இடையிலான தூரம்தான் பிட்ச்) ஒன்று இருக்கிறது. வயாவுக்குத் துளை 0.3, பேட் 0.5. வழக்கமாகச் செய்து தரும் ஃபேபில், அதாவது போர்டு தயாரிக்கும் ஆலையில், இதுவரை ஒரு கேள்வியும் வந்ததில்லை. இந்த முறை வேறொரு ஃபேபுக்கு அனுப்பினேன். துளையைச் சுற்றி மிஞ்சும் செம்பு வளையம் போதவில்லை, பேடைப் பெரிதாக்குங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீகேடின் விதிச் சோதனையான டிஆர்சியில் ஒரு பிழைகூட இல்லை. அளவுகளை யாம்ல் என்ற எளிய உரைக்கோப்பு வடிவத்துக்கு மாற்றி, ஃபேபுக்கு ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளலாமா? இப்போதைக்குப் பேடை 0.6 ஆக்கினால் சரியாகிவிடுமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

பேடை 0.6 ஆக்காதீர்கள். பிஜிஏவுக்கு அடியில் இடிக்கும். கணக்கைக் கீழே தருகிறேன். அதற்கு முன், உங்கள் கோப்பில் இருக்கும் 0.3 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும்.

அந்த 0.3 எந்தத் துளை? டிரில் துளைக்கும் அளவா, செம்பு பூசிய பிறகு மிஞ்சும் அளவா? கோப்பில் அது எழுதப்படவில்லை. டிரில் கோப்பில் இருக்கும் அளவைப் பூச்சுக்குப் பிந்தைய அளவாகத்தான் பெரும்பாலான ஃபேப்கள் எடுத்துக்கொள்கின்றன. துளைச் சுவரில் பக்கத்துக்கு 20 முதல் 25 மைக்ரான் செம்பு ஏறும். அதற்கும் மேற்பூச்சுக்கும் இடம் விட்டு, கேட்ட அளவைவிட 0.1 மி.மீ. பெரிய டிரில்லை எடுப்பது வழக்கம். அப்படியானால் உங்கள் 0.3 துளைக்கு 0.4 டிரில். பேட் 0.5. பக்கத்துக்கு மிஞ்சும் வளையம் 0.05 மி.மீ.தான். டிரில் 0.075 விலகினாலே துளை பேடை விட்டு வெளியே வந்துவிடும். வயா துளை எவ்வளவு சுருங்கினாலும் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளும் ஃபேப் 0.3 டிரில்லாலேயே துளைக்கும். துளை 0.25 ஆக முடியும், வளையம் 0.1 கிடைக்கும். உங்கள் பழைய ஃபேப் இப்படித்தான் செய்திருக்க வேண்டும். ஒரே கோப்பு, ஒரே எண். இரண்டு இடத்தில் இரண்டு போர்டு. டிஆர்சி இதைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிந்தது (0.5 − 0.3) ÷ 2 மட்டுமே.

அதனால் கேள்வி யாம்லா பைத்தானா என்பதில்லை. பேட் விட்டத்தை நீங்கள் கையால் எழுதுகிறீர்கள் என்பதே சிக்கல். அது ஒரு கணக்கின் விடை. கோப்பில் இருக்க வேண்டியது அந்தக் கணக்கின் உள்ளீடுகள். போர்டு வடிவமைப்புத் தரநிலையான ஐபிசி 2221 சொல்லும் வழி எளியது: துளையின் அதிகபட்ச அளவு, அதோடு குறைந்தபட்ச வளையத்தின் இரு மடங்கு, அதோடு தயாரிப்பு அனுமதி. வெளி அடுக்கில் குறைந்தபட்ச வளையம் 0.05, உள் அடுக்கில் 0.025. தயாரிப்பு அனுமதி, செய்ய எளிதான ஏ நிலைக்கு 0.4, நடுவிலுள்ள பி நிலைக்கு 0.25, மிகக் கடினமான சி நிலைக்கு 0.2 மி.மீ. டிரில் விலகலும் அடுக்குகள் சரியாகப் பொருந்தாமல் போவதும் இந்த அனுமதிக்குள் அடங்கும். பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்பதால் இதை அப்படியே எழுதிக் காட்டுகிறேன்:

டிரில் = 200_000
குறைந்த_வளையம் = 50_000
தயாரிப்பு_அனுமதி = 200_000
பேட் = டிரில் + 2 * குறைந்த_வளையம் + தயாரிப்பு_அனுமதி

விடை 500_000, அதாவது 0.5 மி.மீ. 0.5 பேடுக்கு சி நிலையிலேயே 0.2 டிரில்தான் பொருந்துகிறது. 0.3 டிரில் என்றால் சி நிலையில் 0.6, பி நிலையில் 0.65 வேண்டும். உங்கள் 0.5/0.3 கூட்டணி ஃபேபின் திறமையை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

எண்களை நானோமீட்டரில், முழு எண்ணாக எழுதியிருக்கிறேன். காரணம் இருக்கிறது. பைத்தானில் 0.7 − 0.4 போட்டுப் பாருங்கள், 0.29999999999999993 என்று வரும். அதில் பாதி 0.15-ஐவிடக் குறைவு. 0.7 பேடும் 0.4 துளையும் உள்ள சரியான வயாவை, வளையம் 0.15 இல்லை என்று உங்கள் சோதனையே தள்ளிவிடும். அதைச் சமாளிக்க யாராவது சோதனையைக் கொஞ்சம் தளர்த்துவார்கள், பிறகு உண்மையான பிழையும் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். 700_000 − 400_000 என்றால் இந்தத் தொல்லையே இல்லை. கீகேடும் உள்ளே நானோமீட்டர் முழு எண்ணில்தான் அளவுகளை வைத்திருக்கிறது. மி.மீ.யிலிருந்து மாற்றுவதைக் கோப்பின் வாசலில் ஒரே ஒரு ஃபங்ஷனில் செய்யுங்கள். அதற்குப் பிறகு எங்கேயும் தசமப் புள்ளி வரக்கூடாது.

டிக்‌ஷனரியையும் விட்டுவிடுங்கள். பிஜிஏ வயா என்று புதுப் பெயர் வைத்து, பழைய வயாவையே அதற்கு ஒதுக்கி, அதில் டிரில்லை மட்டும் மாற்றினால் இரண்டுமே மாறிவிடும். பெயர்தான் இரண்டு, பொருள் ஒன்று. ஃப்ரோசன் டேட்டாகிளாஸாக வைத்தால் இப்படி மாற்ற முடியாது. ரீப்ளேஸ் ஃபங்ஷனால் புதிய பிரதி எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுக்கும்போது, பொருள் உருவானதும் தானே ஓடும் போஸ்ட்-இனிட்டில் எழுதிய சோதனைகள் மறுபடியும் ஓடும். இது பெரிய லாபம். தவறான அளவு போர்டுவரை போகாமல் கோப்பைத் திறக்கும்போதே நின்றுவிடும்.

என்னென்ன சோதிக்கலாம்? போர்டு தடிமனை டிரில்லால் வகுத்தால் வருவது ஒன்று. 1.6-க்கு 0.2 என்றால் 8. பல ஃபேப்களுக்கு இதுவே எல்லை. இதைத் தாண்டினால் துளையின் நடுவில் பூச்சு மெலியும், சால்டர் சூட்டில் அங்கேதான் விரிசல் விழும். போர்டை 1.2 மி.மீ.யில் எடுக்க முடிந்தால் 6 ஆகிவிடும். இன்னொன்று பிஜிஏ இடைவெளி. 0.8 பிட்ச்சில் நான்கு பந்துகளுக்கு நடுவே வயாவை வைத்தால், பந்து மையத்திலிருந்து வயா மையம் 0.566 மி.மீ. பந்தின் பேட் 0.4 என்றால் அதில் பாதி 0.2 போகும். வயா பேடில் பாதி 0.25-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 0.116. பேடை 0.6 ஆக்கினால் 0.066 ஆகிவிடும். 0.1 இடைவெளி கேட்கும் ஃபேபில் அது நிற்காது. பேட் வளர இடமில்லாததால் துளைதான் சுருங்க வேண்டும்.

காலுள்ள பாகங்களின் பேடுகளுக்கு இதே கணக்குதான். ஆனால் துளை காலின் அளவிலிருந்து வர வேண்டும். 2.54 பிட்ச் பின் ஹெடரில் கால் 0.64 மி.மீ. சதுரம். பலர் 0.64 என்றே உள்ளிட்டுவிடுகிறார்கள். துளை வட்டம், அதற்குள் நுழைவது சதுரத்தின் மூலைவிட்டம், 0.905. பி நிலைக்கு 0.2 கூட்டினால் துளை 1.1. பூச்சு விலகல் 0.08 என்றால் அதிகபட்சம் 1.18, பேட் 1.53. கீகேட் நூலகம் 1.0 துளையும் 1.7 பேடும் தருகிறது. அதுவும் வேலை செய்யும், ஆனால் நுழைவு இறுக்கம். இங்கே துளை பூச்சுக்குப் பிந்தைய அளவு, வயாவிலோ டிரில் அளவு. இரண்டையும் ஒரே பெயரில் எழுதாதீர்கள்.

துளையில்லாமல் போர்டின் மேலேயே சால்டர் செய்யும் எஸ்எம்டி பாகங்களின் பேடுகளில் ஒரே ஒரு எச்சரிக்கை. 0603 என்று சாவிப்பெயர் வைக்காதீர்கள். அங்குலக் கணக்கில் அது 1.6 × 0.8 மி.மீ. பாகம், மெட்ரிக்கில் 0.6 × 0.3. இரண்டுமே சந்தையில் உண்டு. மெட்ரிக் என்பதைப் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஃபேபுக்கு ஒரு கோப்பு என்ற உங்கள் யோசனை நல்லது. ஆனால் அதில் வயாக்கள் இருக்கக் கூடாது. அந்த ஃபேபால் முடியும் மிகச்சிறிய டிரில், குறைந்தபட்ச வளையம், செம்பு இடைவெளி, துளை-செம்பு தூரம், தடிமன் விகிதம் ஆகியவை மட்டும் இருக்கட்டும். இதற்கு யாம்லும் போதும், ஏனென்றால் இதில் கணக்கு இல்லை. வயா எப்படி வேண்டும் என்பது வடிவமைப்பைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் இடம் பைத்தான்.

அந்தக் கணக்குக் கோப்பில் கீகேடின் பைத்தான் நூலகமான பிசிபிநியூவை இம்போர்ட் செய்யாதீர்கள். கீகேட் 7-ல் புள்ளிகளைக் குறிக்கும் வகை மாறி நிறைய ஸ்கிரிப்ட்கள் உடைந்தன. 9-ல் வயா பேடுக்கு அடுக்குவாரியாக அளவு வந்தது, பழைய பைத்தான் இணைப்பும் கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்தது. வடிவக் கணக்கு தனியாக இருந்தால், மாற்ற வேண்டியது போர்டில் பதிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் மட்டுமே.

பதிக்கும்போது இரண்டு விஷயங்கள் தவறுகின்றன. ஸ்கிரிப்ட் இருக்கிற வயாக்களை மாற்றும், ஆனால் அடுத்து நீங்கள் கையால் போடும் வயா, இணைப்புகளுக்கு அளவு விதிகளை வைத்திருக்கும் நெட் கிளாஸிலிருந்து அளவை எடுக்கும். அது ப்ராஜெக்ட் கோப்பில் ஜேசனாக இருக்கிறது. அதையும் ஸ்கிரிப்டே எழுத வேண்டும். இரண்டாவது, செம்புப் பரப்பின் நிரப்பல் பழைய வயாக்களுக்குப் போட்டது, அது அப்படியே கோப்பில் கிடக்கும். மறுபடி நிரப்பாமல் கெர்பர் (ஃபேபுக்கு அனுப்பும் கோப்புகள்) எடுத்தால் பழைய இடைவெளிகளோடு போகும். நிரப்பிச் சேமித்த பிறகே டிஆர்சி ஓட்டுங்கள். கீகேட் 8 முதல் அதைக் கமாண்ட் லைனிலிருந்தே ஓட்டலாம்.

இப்போதைய போர்டுக்கு: பிஜிஏ பகுதியில் 0.5 பேட், 0.2 டிரில். மற்ற இடங்களில் 0.65 பேட், 0.3 டிரில். டிராக் (செம்புப் பாதை) பேடைத் தொடும் இடத்தில் டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவில் அகலும் செம்பு) போடுங்கள், டிரில் விலகினால் முதலில் அறுபடுவது அந்த இடம். தயாரிப்புக் குறிப்பில், வயாக்களுக்குத் தரப்பட்டது டிரில் அளவு, பூச்சுக்குப் பிறகு துளை எவ்வளவு சுருங்கினாலும் ஏற்கிறோம் என்று ஒரு வரி சேருங்கள். 0.2 டிரில்லை 1.6 தடிமனில் செய்ய முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைப் புது ஃபேபிடம் கேட்டுவிட்டு கெர்பர் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்