கேள்வி பதில்: திரும்பி வந்த ரெஃபரன்ஸ் பட்டியல்

அறிவியல் ஜர்னல்களுக்கு வரும் கட்டுரைகளைப் பிரதி திருத்துவது 17 ஆண்டுகளாக என் வேலை. ரெஃபரன்ஸ் பற்றி வந்திருந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

மேடம், என் கட்டுரையை ஒரு ஜர்னல் ஏற்கவில்லை. வேறொன்றுக்கு அனுப்பினேன். முதலாவதில் எண் முறை (மேற்கோள் இடத்தில் 1, 2 என்று எண்), இரண்டாவதில் பெயர்–ஆண்டு முறை (ஆசிரியர் பெயரும் ஆண்டும்). 62 ரெஃபரன்ஸையும் கையால் மாற்றினேன், மூன்று நாள் போயிற்று. அப்படியும் 'எங்கள் முறைப்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்கு வழியே இல்லையா? – ஆராய்ச்சி மாணவி

இருக்கிறதம்மா. அனுப்பும் முன் அந்த ஜர்னலின் ஆசிரியர் வழிகாட்டியில் ரெஃபரன்ஸ் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். முதல் தடவை அனுப்பும்போது எந்த முறையானாலும் சரி, கட்டுரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று இப்போது பல ஜர்னல்கள் சொல்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல போலிருக்கிறது. அப்படியென்றால் கையால் மாற்றவே கூடாது.

ஏனென்றால் மாற வேண்டியது அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டுமில்லை. எண் முறைகளில் ஒன்றான வான்கூவர் முறையில் கட்டுரையில் வரும் வரிசைப்படி பட்டியல். பெயர்–ஆண்டு முறையில் அகரவரிசை. பெயர்–ஆண்டு முறைகளில் ஒன்றான ஏ.பி.ஏ.வின் (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை) ஏழாம் பதிப்பில் 20 ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயர்களும் பட்டியலில் வர வேண்டும். நேச்சர் இதழிலோ ஆறு பேர் சேர்ந்துவிட்டாலே முதல் பெயர் மட்டும்தான், மீதியெல்லாம் 'மற்றும் பிறர்'. 62 இடங்களில் இதைக் கண்ணால் பார்த்து மாற்றினால் எங்கேயாவது தவறத்தான் செய்யும். ஸொட்டேரோ, மெண்டலி, எண்ட்நோட் என்று ரெஃபரன்ஸ்களைச் சேமித்து அடுக்கித் தரும் மென்பொருள் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸொட்டேரோ இலவசம். ஜர்னல் மாறினால் பாணியை மட்டும் மாற்றித் தேர்ந்தெடுங்கள், மேற்கோளும் பட்டியலும் சேர்ந்தே மாறிவிடும்.

ஆனால் மென்பொருள் அடுக்கித்தான் கொடுக்கும், சரிபார்க்காது. என் மேஜைக்கு வரும் பட்டியல்களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர் 'ஆர்கனைசேஷன் டபிள்யூ.எச்.' என்று ஒரு தனி மனிதரின் பெயராக மாறி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயரை ஒரே கட்டத்தில் போடாமல், முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்து ஏற்றினால் இப்படித்தான் ஆகும். 1906இல் நோபல் பெற்ற சாண்டியாகோ ரமோன் இ காஹாலுக்கும் இதே கதி. 'ரமோன் இ காஹால்' முழுவதுமே குடும்பப் பெயர். கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் அகரவரிசையில் அவர் வேறெங்கோ போய்விடுவார். ஆங்கிலத் தலைப்புகளை வாக்கிய நடையில், முதல் எழுத்தையும் சிறப்புப் பெயர்களையும் மட்டும் பெரிய எழுத்தில் வைத்துச் சேமியுங்கள். அதிலிருந்து எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் நடைக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். எதிர்ப்பக்கமாக மாற்றும்போது எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது.

எண் முறைக்குத் திரும்பினால் இன்னொன்றையும் கவனியுங்கள். அனுபவசாலிகளே தவறும் இடம் இது. அட்டவணையில் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் எண். அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்திருந்தால் மென்பொருள் அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். முதலில் அந்தந்தப் பத்திக்குக் கீழேயே அட்டவணையை வைத்து எண்களைப் போட்டுவிடுங்கள். அப்புறம் கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மென்பொருள் இணைப்பைத் துண்டித்துவிட்டு (அப்புறம் எண்கள் தானாக மாறாது) அட்டவணைகளைக் கடைசிக்கு நகர்த்துங்கள். மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள், திருத்தம் கேட்டு வரும்போது அதுதான் வேண்டும்.

நான் மேற்கோள் காட்ட வேண்டிய பழைய கட்டுரை கிடைக்கவில்லை. வேறொருவர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவர் பட்டியலிலிருந்து அந்த ரெஃபரன்ஸை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் வழிகாட்டி. சரிதானா? – முதலாமாண்டு ஆய்வாளர்

உங்கள் வழிகாட்டி மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன்: வேண்டாம்.

சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1973இல் வந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்று. அதைச் சுட்டிய சுமார் 4,300 மேற்கோள்களில் 196இல் அச்சுப்பிழை. அந்த 196லும் வெவ்வேறு பிழைகள் 45 மட்டும்தான். ஒரே தவறான பக்க எண் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. 78 பேர் தனித்தனியாக ஒரே பிழையைச் செய்திருக்க முடியாது, ஒருவர் பட்டியலிலிருந்து ஒருவர் எடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் கணக்கிட்டு, மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஒரு கட்டுரையில் தொகுதி எண் 41 என்று இருந்தது. அதற்கு முந்தைய மூன்று கட்டுரைகளிலும் 41தான். மூலத்தைத் தேடிப் பிடித்தால் 14. அதைவிட வருத்தம், நால்வரும் அதற்குச் சான்றாகக் காட்டிய முடிவு அந்தக் கட்டுரையில் இல்லவே இல்லை. ஆசிரியருக்கு எழுதினேன், அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டார்.

நூலகரிடம் கேளுங்கள், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார். கட்டுரை ஆசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் போடுங்கள். எதுவும் நடக்கவில்லையென்றால், இன்னார் எடுத்துக்காட்டியபடி இன்னார் என்று உள்ளபடியே எழுதி, நீங்கள் படித்ததை மட்டும் பட்டியலில் சேருங்கள். ஏ.பி.ஏ. முறை இதற்கு இடம் தருகிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ரெஃபரன்ஸ் பட்டியல் தயாரிக்கலாமா?

இல்லாத கட்டுரையை இருப்பதுபோல ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கத்தோடு அது எழுதித் தரும். அது தரும் ஒவ்வொரு டி.ஓ.ஐ.யையும் (கட்டுரைக்கு இணையத்தில் உள்ள நிரந்தர அடையாள எண்) திறந்து பாருங்கள். திறந்தாலும் தலைப்பு அதுதானா என்று பாருங்கள், உண்மையான எண் வேறொரு கட்டுரைக்கு உரியதாக இருப்பதும் உண்டு. இருக்கிறது என்று உறுதியானபின் படித்துவிட்டு நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கட்டுரை ஏற்கப்பட்டு, வெளியீட்டுக்கு முன் சரிபார்க்கும் புரூஃப் வந்துவிட்டது. 17ஆவது ரெஃபரன்ஸ், நம்பத்தக்கதல்ல என்று வெளியான பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்று இப்போதுதான் தெரிகிறது. சத்தமில்லாமல் எடுத்துவிடலாமா? – உதவிப் பேராசிரியர்

சத்தமில்லாமல் வேண்டாம் சார். எண் முறையாக இருந்தால் 18 முதல் எல்லா எண்களும் மாறும். புரூஃபில் அதைச் செய்தால் எங்காவது ஒரு மேற்கோள் தவறான கட்டுரையைக் காட்டப் போகிறது. அதைவிட முக்கியம், உங்கள் வாதம் அதன்மேல் நிற்கிறதா என்பது. நிற்கிறதென்றால் எடிட்டருக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஒரு குறிப்பு மட்டும்தான் என்றாலும் எழுதுங்கள்: இது திரும்பப் பெறப்பட்டது, நீக்க விரும்புகிறேன், என் முடிவு மாறாது, காரணம் இது. இரண்டு பத்தி போதும். திரும்பப் பெற்றதைப் பற்றியே பேச வேண்டிய இடமென்றால் ரெஃபரன்ஸை வைத்துக்கொள்ளலாம், ஆனால் திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்பு பட்டியலில் இருக்க வேண்டும்.

உங்கள் ரெஃபரன்ஸ்கள் ஸொட்டேரோவில் இருந்தால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் தொகுத்திருக்கும் தரவோடு ஒப்பிட்டு அதுவே எச்சரிக்கும். அடுத்த கட்டுரைக்கு, அனுப்புவதற்கு முந்தைய நாளும் புரூஃப் வந்த அன்றும் அந்த எச்சரிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைக்கு எடிட்டருக்கு இன்றே எழுதிவிடுங்கள், புரூஃபைத் திருப்பி அனுப்பக் கெடு குறைவாகத்தான் இருக்கும்.