சொந்த ஜாஸ் மெட்டு, கிட்டாரில்: கேள்வி பதில்

ஹட்டன் தம்பி: அண்ணே, எட்டு பார் (ஒரு பார் என்றால் நான்கு பீட்) மெட்டு ஒன்று போட்டிருக்கேன். கீழே டீ மைனர் செவன் (Dm7), ஜீ செவன் (G7), சீ மேஜர் செவன் (Cmaj7) என்ற கோர்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள். பிழையில்லை, ஆனால் ஜாஸ் மாதிரி கேட்கவில்லை. ஏன்?

பதில்: ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கிறீங்க போல. மூன்று சுரம் போதும். மெல்லிய கம்பியை ஒன்று என்று எண்ணுங்க. டீ மைனர் செவனுக்கு ஐந்தாம் கம்பியில் 5ஆம் கட்டை (ஃபிரெட்), நான்காம் கம்பியில் 3, மூன்றாம் கம்பியில் 5. ஜீ செவனுக்கு ஆறில் 3, நான்கில் 3, மூன்றில் 4. சீ மேஜர் செவனுக்கு ஐந்தில் 3, நான்கில் 2, மூன்றில் 4. இனி மூன்றாம் கம்பியை மட்டும் தட்டிக் கேளுங்க: 5, 4, 4. நான்காம் கம்பி: 3, 3, 2. ஒன்று அரைச்சுரம் (ஒரு கட்டை) இறங்கும்போது மற்றது அசையாமல் நிற்குது. நீங்க தேடுற வாசனை அந்த இறக்கத்தில்தான் இருக்கு. ஜீ செவனில் ஐந்தாம் கம்பியை விரல் சதையால் அடக்குங்க, இல்லாட்டி அது முழங்கிக் கெடுக்கும்.

பண்டாரவளை தங்கச்சி: கர்நாடக சங்கீதம் படித்தேன். இந்த மூன்று கோர்டுக்கும் மூன்று ராகமா?

பதில்: டீயை ஸ என்று வைத்தால் கரகரப்பிரியா, ஜீயை வைத்தால் ஹரிகாம்போதி, சீயை வைத்தால் சங்கராபரணம். சுரம் ஏழும் ஒன்றேதான். தனித்தனி ராகமாக நினைத்தால் ஒவ்வொரு பாரிலும் ஸட்ஜத்துக்கு ஓடுவீங்க, மெட்டு துண்டு துண்டாகும். பார் தொடங்கும்போது அந்தக் கோர்டின் மூன்றாம் சுரத்தில் இறங்கிப் பாருங்க. சீ மேஜர் செவனில் சுத்த மத்திமத்தில் (எஃப்) மட்டும் நிற்க வேண்டாம், காந்தாரத்தோடு (ஈ) உரசும். அதை அரைச்சுரம் ஏற்றிப் பிரதி மத்திமமாக்கினால் கல்யாணி நிறம் வரும், அது அழகு.

தலவாக்கலை: தப்பு மேளத்தின் அடியைச் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. உங்க அடி திஸ்ரமாக (மூன்று மூன்றாக) ஓடினால் ஜாஸின் ஆடும் நடையான ஸ்விங்கோடு, நடுத்தர வேகத்தில், ஒட்டும், அதுவும் பீட்டை மூன்றாகப் பிரிக்கிறதுதான். நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்துக்கு மெட்ரோனோமை 60இல் வைத்து, அந்தச் சத்தத்தை 2ஆம், 4ஆம் பீட்டாக எண்ணுங்க. பைலா அடித்துப் பழகிய கை ஒன்றாம் பீட்டில் ஓங்கி விழும். விழுந்தால் ஸ்விங் போச்சு.

ஹட்டன் தம்பி: எட்டு பாரை முழுப் பாட்டாக்குவது எப்படி? எவ்வளவு திருத்தலாம்?

பதில்: அதே எட்டை இரண்டு தரம் வாசிங்க, நடுவில் வேறு எட்டு, பிறகு முதல் எட்டு. மொத்தம் 32 பார். நடுப்பகுதியை எஃப் ஸ்தாயிக்கு, அதாவது எஃப்பை ஸ ஆக்கி, கொண்டு போகலாம்: ஜீ மைனர் செவன், சீ செவன், எஃப் மேஜர் செவன். அதன் கடைசி இரண்டு பாரில் டீ மைனர் செவன், ஜீ செவன் வந்தால் வீடான சீக்குத் திரும்பிடலாம். திருத்தும்போது ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்க. முதலில் கிட்டாரைக் கீழே வைத்து மெட்டைப் பாடி ஃபோனில் பதியுங்க. மூச்சு முட்டுற இடத்தில் சுரம் கூடிப்போச்சு, வெட்டுங்க. அடுத்த பதிவில் பாஸ் (கோர்டின் அடிச்சுரம்), அதற்கடுத்து தாளம். பழைய பதிவை அழிக்காதீங்க, சில நேரம் பழையதுதான் நல்லாயிருக்கும்.

நுவரெலியா: காலையில் சுருதி நிற்குதே இல்லை.

பதில்: குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறும், கைச்சூட்டில் இறங்கும். பத்து நிமிஷம் வாசித்த பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்க. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வையுங்க. மரம் ஈரத்தில் உப்பினால் கம்பி உயர்ந்து, மேலே சொன்ன பிடிகளே விரலுக்குப் பாரமாகும்.