குமிழியும் கோளமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரளத்தின் தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எம்எஸ்சி இயற்பியல், இரண்டாம் ஆண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்காகக் குவாண்டம், எலக்ட்ரோடைனமிக்ஸ் (மின்காந்தவியல்) இரண்டிலும் விடையோடு வரும் பயிற்சிக் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. மூடிவைத்துவிட்டுப் போட்டால் முதல் வரியே ஓடுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு போட வேண்டும்? பள்ளியில் தமிழ் வழியில் படித்ததுதான் காரணமா? நானாகப் போட்ட ஒரு கணக்கை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

தமிழ் வழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்னழுத்தம் காணப் போடும் லாப்லாஸ் சமன்பாடு எந்த மொழியில் படித்தவரையும் ஒரே மாதிரிதான் படுத்தும். அந்தச் சாக்கை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். நேராக உங்கள் தாளுக்கு வருகிறேன். போட்ட விடையை நாமே எப்படிச் சோதிப்பது என்று சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அப்படியே அதில் இருக்கிறது.

சீரான மின்புலத்தில் ஒரு டைஎலக்ட்ரிக், அதாவது மின்கடத்தாப் பொருளால் ஆன கோளம். உள்ளே புலம் எவ்வளவு? வெளிப்புலத்தைப் போல 3கே/(2கே+1) மடங்கு என்று முடித்திருக்கிறீர்கள். கே என்பது டைஎலக்ட்ரிக் மாறிலி. அடியில், 'கே = 1 போட்டால் 1 வருகிறது, சரி' என்று ஒரு டிக். சரிபார்க்கத் தோன்றியதற்காக உங்கள் தலையில் கைவைத்து வாழ்த்தலாம். ஒரே ஒரு எல்லையோடு நிறுத்திக்கொண்டதற்காக அதே தலையில் குட்டலாம்.

கே = 1 என்றால் வெறும் வெற்றிடம், கோளமே இல்லை என்று பொருள். இல்லாத கோளத்தில் எந்தத் தப்பும் தெரியாது. மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். கே முடிவிலியை நோக்கிப் போனால் கோளம் உலோகம் போல நடக்க வேண்டும். உள்ளே புலம் பூஜ்யம். உங்கள் விடையோ ஒன்றரை மடங்கு என்கிறது. ஒரு தண்ணீர்த் துளியை எடுத்துக்கொள்ளுங்கள், கே சுமார் 80. உங்கள் கணக்கில் உள்ளே 1.49 மடங்கு. சரியான விடை 3/82, அதாவது 0.037. நாற்பது மடங்கு பிழை, அதன் மேல் ஒரு டிக்!

பிழை எங்கே நுழைந்தது? மின்னழுத்தத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே ஆர் கோசைன் தீட்டா மட்டும் (ஆர் மையத்திலிருந்து தூரம், தீட்டா புலத்தின் திசையோடு உள்ள கோணம்). வெளியே அதோடு ஒரு டைபோல் (இருமுனை) உறுப்பு. பரப்பில் இரண்டு நிபந்தனை. வெளிப்புலத்தை 1 என்றும், உள்புலத்தை அ என்றும், டைபோல் உறுப்பின் கெழுவை ஆரத்தின் கனத்தால் வகுத்ததை ஆ என்றும் வைத்தால், தொடுகோட்டுத் திசையில் அ = 1 − ஆ. செங்குத்துத் திசையில் கேஅ = 1 + 2ஆ. அந்த 2, தூரத்தின் வர்க்கத்தின் தலைகீழை வகையிடும்போது வருவது. முதல் வரியை இரட்டித்துக் கூட்டுங்கள்: (கே+2)அ = 3. முடிந்தது, அ = 3/(கே+2). நீங்கள் கே-யை இடது பக்கம் வைக்காமல் வலது பக்கம் வைத்துவிட்டீர்கள். அதனால் உங்கள் விடை தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. வேறொரு கணக்குக்கு அது மிகச் சரியான விடை. டைஎலக்ட்ரிக் நடுவே ஒரு காலிக் குமிழி இருந்தால் அதற்குள் புலம் அதுதான். கோளத்தைக் கேட்டார்கள், குமிழியைப் போட்டிருக்கிறீர்கள்.

விடைக்குறிப்பைத் திறந்திருந்தால் 3/(கே+2) என்று பார்த்து, 'ஓ, சின்னத் தப்பு' என்று அழித்துத் திருத்தியிருப்பீர்கள். குமிழி கடைசிவரை கண்ணில் பட்டிருக்காது. கே = −2 வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்திருக்காது. பின்னத்தின் பகுதி பூஜ்யமாகிறது, புலம் எகிறுகிறது. நுண்ணிய தங்கத் துகள் கலந்த கண்ணாடி சிவப்பாகத் தெரிவது இந்த ஒத்ததிர்வால்தான்.

குவாண்டத்திலும் இதே கதை. ஹைட்ரஜனின் இரண்டாம் நிலையில் ஸ்டார்க் விளைவுக்கு, அதாவது மின்புலத்தால் ஆற்றல் நிலைகள் நகர்வதற்கு, டிஜெனரேட் பெர்ட்டர்பேஷன் (ஒரே ஆற்றலில் பல நிலைகள் இருக்கும்போது போடும் தோராய முறை) போட வேண்டும் என்று எல்லாக் குறிப்பும் சொல்லும். சாதாரண முறையைப் போட்டால் பகுதியில் பூஜ்யம் வந்து முகத்தில் அடிக்கும். நான்கு நிலைகளில் எம் (காந்தக் குவாண்டம் எண்) பூஜ்யமான இரண்டு மட்டும் கலக்கும்; புலம், மின்னூட்டம், நீல்ஸ் போர் பெயரிலான அணு ஆரம் மூன்றின் பெருக்கலைப் போல மூன்று மடங்கு ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். மற்ற இரண்டும் அசையாது. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். எண்ணைப் போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் புலத்தில் அந்த ஏற்றம் வெறும் 0.0016 எலக்ட்ரான் வோல்ட். அதே நிலையில் ஃபைன் ஸ்ட்ரக்சர் பிளவு, அதாவது புலமே இல்லாதபோதும் அந்த நிலைகளுக்கு இடையில் இருக்கும் நுண்ணிய ஆற்றல் வித்தியாசம், 0.000045. இரண்டும் சமமாவது மீட்டருக்குச் சுமார் 2.8 லட்சம் வோல்ட்டில். புலம் அந்த அளவுக்கு இறங்கினாலே அந்த அழகான விடை செல்லாது, அடிப்படை நிலைகளையே மாற்றி எடுக்க வேண்டும். எண் போடாதவருக்கு இது கடைசிவரை தெரியாது.

அலகு பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் பஸ்ஸில் தமிழில் ஏறி மலையாளத்தில் இறங்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு கணக்கில் காஸியன் அலகு முறையில் ஏறி எஸ்ஐ முறையில் இறங்கினால் நான்கு பையைக் கோட்டைவிடுவீர்கள். முடுக்கப்படும் மின்னூட்டம் கதிர்வீசும் திறனைச் சொல்லும் லார்மர் சூத்திரத்தில், காஸியனில் 2/3, எஸ்ஐயில் ஆறு பை வகுத்தலில். தாளின் தலையிலேயே எந்த அலகு என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை கணக்கு என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? விடைக்குறிப்பைத் திறக்காமல் இப்படி எல்லையும் எண்ணும் போட்டுப் பார்ப்பதென்றால் இரண்டு போதும். நெட்டில் நான்கு விடை கொடுப்பார்கள்; பரிமாணமும் இரண்டு எல்லையும் பார்த்தாலே பல சமயம் இரண்டு, மூன்று கழன்றுவிடும்.

இன்றைக்குக் கோளத்துக்குப் பதில் நீண்ட உருளை, புலம் அச்சுக்குக் குறுக்காக. மூன்று இருந்த இடத்தில் என்ன வருகிறது, ஏன் வருகிறது என்று எழுதி அனுப்புங்கள். கே-யின் இரண்டு கோடியையும் பார்த்த பிறகு டிக் போடுங்கள்.