கண்காட்சிக்கு முன்பே விண்ணப்பியுங்கள்

அடுத்த மாதம் கண்காட்சியில் உங்கள் கண்டுபிடிப்பின் மாதிரியைக் காட்டிவிட்டு, ஆர்டர் வந்தபின் காப்புரிமைக்கு (patent) போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வரிசையை மாற்றுங்கள். பொதுவில் காட்டிவிட்டால் ஐரோப்பா உட்படப் பல இடங்களில் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். அமெரிக்கா போன்ற சில நாடுகளே ஓராண்டு அவகாசம் தருகின்றன. விண்ணப்பித்துவிட்டால் மற்ற நாடுகளில் முன்னுரிமை கோர, அதாவது முதல் விண்ணப்ப நாளையே அங்கும் கணக்கில் எடுக்கக் கேட்க, 12 மாதம் கிடைக்கும். வெளித்தோற்றப் பதிவுக்கு 6 மாதம்தான், இதைத்தான் வடிவமைப்பாளர்கள் தவறவிடுகிறார்கள்.

இப்போதைய வேலை ஒப்பந்தத்தையும் இன்றே படியுங்கள். பணிக்காலக் கண்டுபிடிப்பு முதலாளிக்கே சேரலாம்.

பொருளை வார்க்கும் அச்சு செய்யப் பணமில்லை என்றால், தயாரித்து விற்கும் உரிமத்தை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதில் தவறே இல்லை. தன் தூசி உறிஞ்சிக்காக 5,127 மாதிரிகள் செய்த பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசனுக்கு, 1993இல் சொந்தமாக விற்க ஜப்பானிய உரிமத் தொகைதான் கைகொடுத்தது. ஆனால் நாடுவாரியாகக் கொடுங்கள். குறைந்தபட்ச ஆண்டுத் தொகையையும் எழுதி வாங்குங்கள். இல்லையேல் வாங்கியவர் தயாரிக்காமலே கிடப்பில் போடலாம்.